ஆப்பிரிக்க மரபறிவு: எங்கே இருக்கிறது, எப்படிப் படிப்பது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நான் இந்தப் பக்கம் வந்தது ஒரு கோலத்தால். அந்தக் கதை கீழே வரும். அதற்கப்புறம் சில வருடங்களாக, கிடைத்ததை எல்லாம் படித்து வருகிறேன். படித்ததை நாலு பேரிடம் சொன்னால் ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவர்களுக்கு எழுத்து இருந்ததா? இதெல்லாம் நிரூபித்ததா? படிக்கப் போனால் காசு கேட்கிறார்களே, என்ன செய்வது? எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே சேர்த்து வைக்கிறேன்.

ஆப்பிரிக்க மரபறிவு என்று ஒன்று இருக்கிறதா?

ஒன்று இல்லை, நிறைய இருக்கின்றன. 54 நாடுகள், சுமார் 2,000 மொழிகள் உள்ள கண்டம் அது. எத்தியோப்பியாவின் கோன்சோ மக்கள் மலைச்சரிவில் கல் அடுக்கிக் கட்டிய படிவயல்களுக்கும், நைஜீரியாவின் யொரூபா மக்கள் மனப்பாடமாகக் காக்கும் இஃபா பாடல்களுக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. "ஆப்பிரிக்கர்கள் இப்படி நம்புகிறார்கள்" என்று தொடங்கும் கட்டுரையை நான் அந்த வரியோடு மூடிவிடுவேன். எந்த ஊர், எந்த மக்கள், எந்த மொழி என்று சொல்லாமல் எழுதுபவருக்கு விஷயம் தெரிந்திருக்க வாய்ப்புக் குறைவு.

‘பழங்குடி அறிவு’ என்று தமிழில் எழுதலாமா?

நான் எழுதுவதில்லை. நம் காதில் ‘பழங்குடி’ என்றால் காட்டோரம் வாழும் சிறு கூட்டம். யொரூபா மக்கள் பல கோடிப் பேர். இபதான் போன்ற பெருநகரங்களைக் கட்டி வாழ்பவர்கள். பெனின் நாட்டுத் தத்துவ அறிஞர் பவுலின் ஹூந்தோஞ்ஜியும் (1942–2024) இந்த மாதிரிச் சொற்களைத் தவிர்த்தார். ‘உள்ளிருந்தே முளைத்த அறிவு’ என்ற பொருளில் ஒரு பிரெஞ்சுச் சொல்லைத் தேர்ந்தெடுத்து, 1994-ல் அந்தத் தலைப்பில் ஒரு கட்டுரைத் தொகுதியே கொண்டுவந்தார். தமிழில் ‘மரபறிவு’ எனக்குப் பொருந்துகிறது.

எல்லாமே வாய்மொழிதானே? எழுத்து வெள்ளைக்காரர்கள் போன பிறகு வந்ததுதானே?

இல்லை. முதலில் போக வேண்டிய எண்ணம் இதுதான்.

எத்தியோப்பியாவிலும் எரித்திரியாவிலும் கிஈஸ் மொழியில் ஆயிரத்து ஐந்நூறு வருடங்களுக்கு மேலாக எழுதி வருகிறார்கள். தோலில் எழுதிய ஏடுகள் இன்றும் மடங்களில் இருக்கின்றன. மேற்கே மாலி நாட்டில், நைஜர் ஆறு வளையும் இடத்துக்குப் பக்கத்தில் திம்புக்டு. 16-ஆம் நூற்றாண்டில் அங்கே புத்தகம் பெரிய வியாபாரம். பிரதி எடுப்பவர்களும் பிழை திருத்துபவர்களும் கூலி வாங்கி வேலை செய்தார்கள். 1591-ல் மொரோக்கோ படை நகரத்தைப் பிடித்தது. சில வருடங்களில் அகமது பாபா என்ற அறிஞரைக் கைது செய்து பாலைவனம் வழியாக மராகேஷுக்குக் கொண்டுபோனார்கள். பறிபோன தன் நூல்கள் 1,600 என்றும், உறவினர்களுக்குள் தன்னுடையதுதான் மிகச் சிறிய நூலகம் என்றும் அவர் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. அவர் 1608-ல்தான் ஊர் திரும்பினார். அந்த ஏடுகளில் மதச் சட்டம் மட்டும் இல்லை. வானியல், மருத்துவம், இலக்கணம், கவிதை, கடன் பத்திரம், வியாபாரக் கடிதம் எல்லாம் கலந்து கிடக்கின்றன.

இன்னொருவரைச் சொல்லாமல் போக மனமில்லை: நானா அஸ்மாவு (1793–1864). இன்றைய வட நைஜீரியாவில் சொக்கோட்டோ அரசை நிறுவியவரின் மகள். அரபு, ஃபுலானி, ஹௌசா மூன்றிலும் எழுதினார். படிப்பு வீட்டுக்குள் இருக்கும் பெண்களையும் போய்ச் சேர வேண்டும் என்று ‘யன் தாரு’ என்ற அமைப்பை உண்டாக்கினார். ‘கூடி வருபவர்கள்’ என்று பொருள். கிராமத்துக்கு ஒரு மூத்த பெண்ணை ஆசிரியையாக அமர்த்தி, அடையாளமாக ஒரு பெரிய வைக்கோல் தொப்பியைக் கொடுத்தார். அந்த ஆசிரியைகள் பாடல்களை மனப்பாடம் செய்துகொண்டு ஊருக்குப் போய், எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எழுத்தும் வாய்மொழியும் எதிரெதிர் என்று நினைப்பவர்கள் இந்தத் தொப்பியைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எழுதிய பாட்டு வாய்வழியாகப் போய், கேட்டவர் நினைவில் தங்கி, மறுபடி ஏட்டுக்கு வருகிறது.

அரபு எழுத்தில் இருந்தால் அது அரபு அறிவுதானே, ஆப்பிரிக்க மரபு எப்படி ஆகும்?

தமிழருக்கு இதைச் சொல்வது சுலபம். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் முஸ்லிம்கள் அரபு எழுத்தில் தமிழ் எழுதினார்கள். அரபுத்தமிழ், அர்வி என்று சொல்கிறோமே, அதுதான். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக இருந்த எழுத்தில் புள்ளி கூட்டிப் புது எழுத்து செய்துகொண்டார்கள். அதில் எழுதிய பாட்டை யாரும் அரேபியப் பாட்டு என்று சொல்வதில்லை.

ஆப்பிரிக்காவில் அதே வேலைக்குப் பெயர் ‘அஜமி’. ஹௌசா, ஃபுலானி, வோலோஃப், சுவாஹிலி எல்லாம் அரபு எழுத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. வோலோஃப் எழுதுபவர்களும் தங்கள் ஒலிகளுக்காகப் புள்ளிகளைக் கூட்டிக்கொண்டார்கள். கடைக் கணக்கு, மருந்துக் குறிப்பு, துறவிகளின் வரலாறு என்று அதில் இல்லாதது இல்லை. செனகலில் பிறந்து பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் வேலை செய்யும் ஃபாலு இங்கோம் ஒரு விஷயத்தை விடாமல் சொல்லி வருகிறார்: பிரெஞ்சு தெரியாமல் அஜமியில் சரளமாக எழுதப் படிக்கத் தெரிந்தவர்களை அரசாங்கக் கணக்கு ‘எழுத்தறிவில்லாதவர்’ பட்டியலில் சேர்த்துவிட்டது. வரவு செலவு எல்லாம் தன் கையால் எழுதிவைக்கும் ஒரு வியாபாரி கைநாட்டு ஆகிவிடுகிறார். படித்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

திம்புக்டு ஏடுகளை எரித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேனே?

ஒரு பகுதியை எரித்தார்கள். 2012-ல் ஆயுதக் குழுக்கள் நகரத்தைப் பிடித்தன. 2013 ஜனவரியில் பிரெஞ்சு, மாலிப் படைகள் நெருங்கி வந்தபோது, ஓடுவதற்கு முன்னால் அகமது பாபா நிறுவனத்தின் புதுக் கட்டடத்தில் இருந்த சுமார் 4,000 ஏடுகளைக் கொளுத்தினார்கள். உலகம் முழுக்க ‘திம்புக்டு நூலகம் அழிந்தது’ என்று செய்தி வந்தது.

உண்மையில் பெரும்பகுதி அதற்கு முன்பே ஊரைவிட்டுப் போயிருந்தது. அப்துல் காதர் ஹைதரா என்ற நூலகரும் ஏடுகளை வைத்திருந்த குடும்பங்களும் நிறுவன ஊழியர்களும் சேர்ந்து தகரப் பெட்டி வாங்கி, ராத்திரியில் ஏடுகளை அடுக்கி, வண்டியிலும் நைஜர் ஆற்றுப் படகிலும் தலைநகர் பமாகோவுக்குக் கடத்தினார்கள். சுமார் 3.5 லட்சம் ஏடுகள் என்பது அந்த வேலையை நடத்தியவர்கள் சொல்லும் கணக்கு. எண்ணிக்கையில் அறிஞர்களிடையே விவாதம் உண்டு. பாலைவனக் காற்றில் நூற்றாண்டுக் கணக்காகக் காய்ந்து கிடந்த தாள், மழை பெய்யும் பமாகோவில் ஈரத்தை வாங்க ஆரம்பித்தது. அது அடுத்த தலைவலி. 2025 ஆகஸ்டில்தான் அரசு நிறுவனத்தின் ஏடுகளைத் திம்புக்டுவுக்குத் திரும்பக் கொண்டுபோகத் தொடங்கினார்கள்.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது குடும்பங்கள்தான். அந்த ஏடுகளில் பெரும்பாலானவை அரசு நூலகத்தில் இருந்தவை இல்லை. வீட்டுப் பெட்டியில், மண் தரையில் குழிதோண்டி, தலைமுறை தலைமுறையாகக் காத்தவை. ‘அணுகல்’ பற்றிப் பேசும்போது முதலில் இவர்களை நினைக்க வேண்டும். இவர்கள் கொடுத்ததால்தான் நாம் பார்க்கிறோம்.

எழுதாமல் இருந்த அறிவை எப்படி நம்புவது? ஆளுக்கு ஆள் மாறிவிடாதா?

மாறாமல் காக்க அவர்கள் வைத்திருந்த கட்டுக்கோப்பைப் பார்த்தால் இந்தக் கேள்வி வராது. யொரூபா மக்களின் இஃபாவை எடுத்துக்கொள்ளுங்கள். பாபலாவோ என்ற குறிசொல்லும் அறிஞர், 16 பனைக் கொட்டைகளை ஒரு கையிலிருந்து இன்னொரு கையால் வாரி எடுப்பார். மிச்சம் இரண்டு இருந்தால் பலகையில் தூவிய பொடியில் ஒரு கோடு. ஒன்று இருந்தால் இரண்டு கோடு. இப்படி எட்டு முறை. இரண்டில் ஒன்று, எட்டுத் தடவை: கணக்குப் போட்டால் 256 அமைப்புகள் வரும். ஒவ்வொன்றும் ஓர் ‘ஒது’. ஒவ்வொரு ஒதுவுக்குள்ளும் கதை, மருந்து, பழைய சம்பவம் என்று ஏராளமான பாடல்கள். கற்கப் பல வருடம் ஆகும். யுனெஸ்கோ 2005-ல் இதை மனிதகுலத்தின் வாய்மொழிச் செல்வமாக அறிவித்தது. இதைப் பற்றி நிறைய எழுதிய வாண்டே அபிம்போலா ஒரு பாபலாவோ. நைஜீரியாவில் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தவர். உள்ளே நின்று எழுதுவதற்கும் வெளியே நின்று எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் அவர் எழுத்தில் தெரியும்.

கோலத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் என்ன சம்பந்தம்?

மார்கழி மாதம் முழுக்க எங்கள் வாசலில் சிக்குக்கோலம்தான். சின்ன வயதில் அம்மாவிடம் கேட்டேன்: சில கோலம் கை எடுக்காமல் ஒரே இழையில் முடிகிறது, சிலதுக்கு மட்டும் ஏன் மூன்று நாலு இழை வேண்டியிருக்கிறது? "புள்ளிக்கு ஏத்த மாதிரிம்மா" என்றார். அவருக்குக் கைக்குத் தெரியும். எனக்கு அதன் கணக்கு கிடைத்தது அங்கோலாவிலிருந்து.

கிழக்கு அங்கோலாவிலும் அதை ஒட்டிய சாம்பியா, காங்கோ பகுதிகளிலும் வாழும் சொக்வே மக்கள் மணலில் படம் போடுவார்கள். ஒரு படம் ‘லுசோனா’, பல படங்கள் ‘சோனா’. நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசும்போது, தெரிந்த ஒருவர் மணலைத் துடைத்துச் சமப்படுத்தி, விரல் நுனியால் சம இடைவெளியில் புள்ளி வைப்பார். பிறகு கதை சொல்லிக்கொண்டே புள்ளிகளைச் சுற்றிக் கோடு இழுப்பார். கோடு தயங்கவோ நிற்கவோ கூடாது. தயங்கினால் பார்ப்பவர்கள் முகத்தில் சிரிப்பு வந்துவிடும். படம் முடியும்போது கதையும் முடியும், அப்புறம் கையால் அழித்துவிடுவார்கள். பையன்களுக்கு இதை அவர்களின் வயதுவருதல் சடங்கில் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஒரு தாளை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள். வரிசைக்கு 4 புள்ளியாக 3 வரிசை வையுங்கள். புள்ளிகளுக்கு நடுவே சாய்வாகப் போய், ஓரம் வந்ததும் கடைசிப் புள்ளியைச் சுற்றி வளைந்து, மறுபடி சாய்வாக உள்ளே போங்கள். 12 புள்ளியையும் சுற்றிவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே வருவீர்கள்: ஒரே இழை. 3-க்கு 3 வைத்தால் மூன்று தனித்தனி இழை. 4-க்கு 6 வைத்தால் இரண்டு. பள்ளியில் படித்த மீப்பெரு பொதுக் காரணிதான் விடை. நீளத்துக்கும் அகலத்துக்கும் எத்தனை வருகிறதோ அத்தனை இழை. சோனா போட்டவர்களுக்கு எந்த அளவு ஒரே இழையில் முடியும் என்று தெரிந்திருந்தது. முடியாத அளவுகளிலும் சின்ன மாற்றம் செய்து ஒரே இழையாக்கும் வழிகளும் அவர்களிடம் இருந்தன.

மொசாம்பிக்கில் வாழ்ந்த கணித அறிஞர் பவுலுஸ் கெர்டெஸ் (1952–2014) இதை வருடக்கணக்காக ஆராய்ந்தார். சோனாவைப் பற்றி எழுதிய அதே காலத்தில் தமிழ்க் கோலத்தைப் பற்றியும் எழுதினார். 1989-ல் வந்த ஒரு கட்டுரையில் நம் கோலங்களில் சிதைந்துபோன சமச்சீரை எப்படி மீட்கலாம் என்று பார்க்கிறார். எங்கள் வாசல் விஷயத்துக்கு மொசாம்பிக்கிலிருந்து ஒருவர் விடை எழுதியிருக்கிறார், எனக்கு அது முப்பது வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்குத்தான் இவற்றைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். சோனா 2023-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

சரி, இதெல்லாம் அறிவியல்படி நிரூபித்ததா?

சிலது ஆகியிருக்கிறது, சிலது இல்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ‘மரபு’ என்பதால் எல்லாம் சரி என்பதும் இல்லை, எல்லாம் மூடநம்பிக்கை என்பதும் இல்லை.

பாஸ்டன் நகரில் 1721-ல் பெரியம்மை பரவியபோது கைகொடுத்தது, அம்மைச் சீழைத் தோலில் குத்தும் முறை. அதை அங்கே முன்பே சொன்னது ஒனேசிமஸ் என்ற ஆப்பிரிக்கர். அடிமையாக விற்கப்பட்டு வந்தவர். தன் ஊரில் தனக்குக் குத்தியதைத் தன்னை அடிமையாக வைத்திருந்த பாதிரியாரிடம் விவரித்தார். அந்தக் கொள்ளைநோயில் இயல்பாக அம்மை வந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 14 பேர் இறந்தார்கள். குத்திக்கொண்டவர்களில் இரண்டு மூன்று பேர். 1879-ல் இன்றைய உகாண்டாவில் இருந்த புன்யோரோ அரசில், வாழைப்பழ மதுவால் வயிற்றையும் கையையும் கழுவி, வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்ததை ராபர்ட் ஃபெல்கின் என்ற பயணி பார்த்து எழுதிவைத்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

நான் எப்போதும் சொல்லும் உதாரணம் புர்கினா ஃபாசோவின் ‘ஸாய்’ குழி. மழை பொய்த்து, மண் ஓடு மாதிரி இறுகிப்போன நிலம். கோடையிலேயே 20–30 செ.மீ. அகலம், 10–20 செ.மீ. ஆழத்தில் குழிகள் வெட்டி, ஒரு பிடி எரு போடுவார்கள். எருவைத் தேடிக் கறையான் வரும். அது துளைத்த வழியில் மழைத்தண்ணீர் இறங்கும். அந்தக் குழியில் கம்பும் சோளமும் விதைப்பார்கள். பழைய முறைதான். யாகூபா சவாதோகோ என்ற விவசாயி 1980-களின் தொடக்கத்தில் குழியை இன்னும் பெரிதாக்கி, எருவைக் கூட்டி, மரமும் வளர்த்தார். ஊரார் பைத்தியம் என்றார்கள். அவர் வளர்த்ததற்குத் தீயும் வைத்தார்கள். அவர் நிறுத்தவில்லை. வெற்று நிலத்தில் காடு வந்தது. 2018-ல் ‘மாற்று நோபல்’ என்று சொல்லப்படும் ஸ்வீடன் நாட்டு விருது கிடைத்தது. 2023 டிசம்பரில் காலமானார்.

வருடத்துக்கு இரண்டு முறை தன் வயலிலேயே சந்தை கூட்டி, சுற்று வட்டார விவசாயிகளை வரவழைத்து, விதையையும் அனுபவத்தையும் மாற்றிக்கொள்ளச் செய்தார். ஸாய் பற்றி ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஏகப்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. அவற்றில் பலவற்றைப் படிக்கக் கட்டணம் உண்டு. அவருடைய சந்தைக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது.

இந்த அறிவு யாருக்குச் சொந்தம்? மஞ்சள், வேம்பு வழக்கு மாதிரி அங்கேயும் நடந்ததா?

நடந்தது. கலஹாரிப் பாலைவனத்தில் வாழும் சான் மக்கள் வேட்டைக்குப் போகும்போது ஹூடியா என்ற சதைப்பற்றுள்ள செடியை வெட்டி, முள்ளை நீக்கி மெல்லுவார்கள். பசி தெரியாது. தென்னாப்பிரிக்காவின் அரசு ஆய்வு நிறுவனம் அதிலிருந்து பசியடக்கும் கூறைப் பிரித்து 1990-களின் நடுவில் காப்புரிமைக்குப் பதிந்தது. பிரிட்டன் நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் கொடுத்தது, அது ஃபைசரிடம் போனது. சான் மக்களை யாரும் கேட்கவில்லை. விஷயம் 2001-ல் வெளியே வந்தபோது, அந்த மக்கள் இப்போது இல்லை என்று நினைத்ததாக உரிமம் பெற்ற தரப்பிலிருந்து பதில் வந்தது. ஒரு லட்சம் பேர் உயிரோடு இருந்தார்கள். போராடிப் பேசி, 2003-ல் அரசு நிறுவனத்துக்கு வரும் உரிமத் தொகையில் 6 சதவீதம் சான் மக்களுக்கு என்று ஒப்பந்தம் ஆனது. அதே வருடம் ஃபைசர் விலகிவிட்டது. பின்னால் வந்த யூனிலீவரும் 2008-ல் பாதுகாப்பும் பலனும் போதவில்லை என்று விட்டுவிட்டது. பெரிய பணம் வரவில்லை.

ஆனால் அந்தப் போராட்டம் வீண் போகவில்லை. ரூய்போஸ் என்ற மூலிகைத் தேநீருக்காக 2019-ல் கோய், சான் மக்களோடு ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. விவசாயியிடம் வாங்கும் விலையில் 1.5 சதவீதம் அவர்களுக்குப் போக வேண்டும். 2017-ல் சான் மக்களே ஆய்வாளர்களுக்கான நெறிமுறை ஒன்றை எழுதி வெளியிட்டார்கள்: மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை, முறைப்படி அனுமதி. ஜன்னல் வழியாக வராதீர்கள், வாசல் வழியாக வாருங்கள் என்பது அவர்கள் தலைவர் ஒருவர் கேட்டுக்கொண்டது. 2024 மே மாதம் ஜெனீவாவில் உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பு ஏற்ற உடன்படிக்கை, காப்புரிமை கேட்பவர் மரபறிவை எங்கிருந்து பெற்றார் என்று சொல்லியாக வேண்டும் என்கிறது. போதிய எண்ணிக்கையில் நாடுகள் சேர்ந்தால்தான் அது நடைமுறைக்கு வரும்.

ஆப்பிரிக்கர்களைப் பற்றிய ஆராய்ச்சியை ஆப்பிரிக்கர்களே படிக்க முடியவில்லை என்கிறார்களே, ஏன்?

மேலே சொன்ன ஹூந்தோஞ்ஜி இதைத் தெளிவாகச் சொன்னார். காலனிக் காலத்தில் பருத்தியும் கொக்கோவும் எப்படிப் போயினவோ அதே மாதிரி தகவலும் போகிறது. கச்சாப் பொருள் ஆப்பிரிக்காவில் சேகரிக்கப்படுகிறது, ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ கோட்பாடாகச் செய்யப்படுகிறது, அங்கேயே அச்சாகி, விலை போட்டுத் திரும்பி வருகிறது. அதைவிட மோசமானது, ஆப்பிரிக்க ஆய்வாளரும் தன் ஊர்க்காரருக்காக எழுதாமல் அந்த வெளிநாட்டு வாசகருக்காக எழுதப் பழகிவிடுகிறார்.

இப்போதைய நிலை இன்னொரு முடிச்சு. படிக்க இலவசம் என்றால் எழுதியவர் காசு கட்ட வேண்டும் என்று பல பெரிய ஆய்விதழ்கள் மாற்றிவிட்டன. ஒரு கட்டுரைக்கு இரண்டாயிரம், மூவாயிரம் டாலர். கானாவிலோ மலாவியிலோ ஒரு விரிவுரையாளரின் பல மாதச் சம்பளம் அது. முன்பு படிக்கும் கதவு மூடியிருந்தது, இப்போது எழுதும் கதவு மூடுகிறது. தள்ளுபடி உண்டு என்கிறார்கள். கேட்டுக் கெஞ்சி வாங்க வேண்டிய நிலையை உரிமை என்று எண்ண என்னால் முடியவில்லை.

அப்புறம் மொழி. போர்ச்சுகீசில் எழுதியதை நைஜீரிய மாணவர் படிக்க முடியாது, ஆங்கிலத்தில் எழுதியதைச் செனகல் கிராமத்தார் படிக்க முடியாது. தான்சானியாவின் தார் எஸ் சலாம் பல்கலைக்கழகம் சுவாஹிலியிலேயே ஆய்விதழ்கள் நடத்தி வருகிறது. எனக்கு அது பெரிய விஷயம்.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருந்துகொண்டு காசில்லாமல் எங்கே தொடங்கலாம்?

முதலில் ‘ஆப்பிரிக்கன் ஜர்னல்ஸ் ஆன்லைன்’. 1998-ல் தொடங்கியது, இப்போது தென்னாப்பிரிக்காவிலிருந்து நடக்கிறது. ஆப்பிரிக்காவிலேயே வெளியாகும் நூற்றுக்கணக்கான ஆய்விதழ்கள் ஒரே இடத்தில், பெரும்பகுதி இலவசம். மரபறிவுக்கென்றே நடக்கும் ‘இந்திலிங்கா’ என்ற தென்னாப்பிரிக்க இதழையும் அங்கே தேடிப் பாருங்கள். செனகல் தலைநகர் டக்காரில் 1973-ல் தொடங்கிய கொதேஸ்ரியா, சமூக அறிவியலுக்கான ஆப்பிரிக்க ஆய்வு மன்றம். அதன் ‘ஆப்பிரிக்கா டெவலப்மென்ட்’ இதழைத் திறந்தே வைத்திருக்கிறார்கள்.

ஏடுகளைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு மடத்தோடு சேர்ந்த ஹில் கையெழுத்து ஏட்டு நூலகம், திம்புக்டு ஏடுகளையும் பல்லாயிரம் எத்தியோப்பிய ஏடுகளையும் படமெடுத்து வைத்திருக்கிறது. பெயர் பதிந்தால் போதும். எத்தியோப்பிய ஏடுகளுக்கு அட்டவணை செய்தவர்களில் முதன்மையானவர் கெத்தாச்சவ் ஹைலே (1931–2021). சொந்த நாட்டில் சுடப்பட்டு, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி பல்லாண்டு அந்த வேலையைச் செய்தவர். அந்த அட்டவணையைத் திறக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஆப்பிரிக்க அஜமி நூலகமும் இலவசம்.

தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேட்டுக் களஞ்சியங்களை மறக்காதீர்கள். முனைவர் பட்ட ஆய்வேடு நீளமாக இருக்கும், ஆனால் களத்தில் பார்த்தது முழுசாக அதில்தான் இருக்கும். இந்தியாவில் அரசுக் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ படிப்பவர்கள், 2025-ல் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் தங்கள் நூலகம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். சந்தா இதழ்கள் பலவற்றை அதில் படிக்கலாம். எதுவும் இல்லையா? கட்டுரை எழுதியவருக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். நான் எழுதியவர்களில் பெரும்பாலோர் ஒரு வாரத்துக்குள் கட்டுரையை அனுப்பினார்கள். ஒருவர் கூடவே தான் பதிவுசெய்த பாடலையும் அனுப்பினார்.

எல்லாவற்றையும் இணையத்தில் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமே?

தீராது. போட்டாக வேண்டியது நிறைய இருக்கிறது: கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் 2021 ஏப்ரல் 18-ல் மலைக்காட்டுத் தீ இறங்கி, ஆப்பிரிக்க ஆய்வு நூல்கள் இருந்த பழைய வாசிப்பறையை எரித்துவிட்டது. படமெடுத்து வைத்தவை பிழைத்தன.

ஆனால் சில அறிவு எல்லோருக்கும் என்று வைக்கப்பட்டதே இல்லை. சடங்கில் சேர்ந்தவருக்கு மட்டும், பெண்களுக்கு மட்டும், இந்த மருந்து இந்தக் குடும்பத்துக்கு மட்டும் என்று வரம்பு உண்டு. வெளியார் அதை ஒளிவுமறைவு என்பார்கள். ஒரு மருந்துக்குப் பின்னால் பத்து வருடப் பயிற்சி இருக்கிறது என்றால், செய்முறையை மட்டும் பிய்த்துப் போடுவது ஆபத்தும்கூட. எதைத் திறப்பது, எதை மூடுவது என்று அந்த மக்கள் சொல்ல வேண்டும். அவர்களைப் பற்றி ஏற்கெனவே எழுதி அச்சிட்டதை அவர்களுக்கே எட்டாமல் பூட்டி வைப்பது வேறு. அதற்கு எந்த நியாயமும் இல்லை.

தமிழில் இதைப் பற்றி எழுத ஆசை. பெயர்களை எப்படி எழுதுவது?

முடிந்தவரை அவர்கள் உச்சரிப்பதைக் கேட்டு எழுதுங்கள். முழுசாக வராது. 1871-ல் கேப் டவுன் சிறையிலிருந்து ஒருவரை வில்ஹெல்ம் பிளீக் என்ற மொழியறிஞர் வீட்டுக்கு அனுப்பினார்கள். கால்நடை திருடியதாகத் தண்டனை பெற்ற சான் மனிதர். நான் ‘கப்போ’ என்று எழுதுவேன். ஆனால் அந்தப் பெயருக்கு முன்னால் நாக்கைப் பக்கவாட்டில் தட்டி எழுப்பும் ஒலி ஒன்று இருக்கிறது, நம் எழுத்தில் அதற்கு இடமில்லை. அவர் சொல்லச் சொல்ல பிளீக்கும் லூசி லாயிடும் எழுதினார்கள். அவரும் அவரைப் போல மற்றவர்களும் சொன்னது 12,000 பக்கத்துக்கு மேல். தண்டனைக் காலம் முடிந்த பிறகும் கப்போ மொழி சொல்லிக்கொடுக்கத் தங்கினார். தன் மக்களின் கதைகள் புத்தகமாகி எல்லோருக்கும் தெரியப்போகிறது என்பதில் அவருக்கு மகிழ்ச்சி என்று லாயிட் குறித்திருக்கிறார். அந்தக் குறிப்பேடுகள் முழுவதும் இன்று இணையத்தில் இலவசம். அந்த மொழியைப் பேச இப்போது யாரும் இல்லை; தென்னாப்பிரிக்காவின் அரசுச் சின்னத்தில் உள்ள வாசகம் அந்த மொழியில்தான் இருக்கிறது.

அதற்கு உறவான இன்னொரு மொழி உண்டு, ‘நூ’ என்று எழுதுவேன், அதிலும் ஒரு நாத்தட்டொலி விடுபடுகிறது. அதைச் சரளமாகப் பேசுபவர்களில் கடைசியாக எஞ்சியவர் என்று அறியப்படும் கத்ரீனா ஈசா பாட்டி 1933-ல் பிறந்தவர். அப்பிங்டன் ஊரில் தன் வீட்டிலேயே பிள்ளைகளுக்கு அந்த மொழியைச் சொல்லிக்கொடுத்தார். 2021-ல் பேத்தியோடு சேர்ந்து ஆமையும் நெருப்புக்கோழியும் வரும் ஒரு சிறுவர் கதைப் புத்தகம் கொண்டுவந்தார். அவர் பேசும் காணொளிகள் கிடைக்கின்றன. பெயரை எழுதுவதற்கு முன்னால் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.